பால் காய்ச்சிய வீடும் கரண்ட் இல்லாத வீடும்

வெள்ளக்கடையில் ரோட்டை ஒட்டி நிற்கிற மாடி வீடு நான் கட்டியது. அதன் பின்னால் வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று வீடுகளும் நான் கட்டியவை. செம்மநத்தம் போகிற வழியில், பாறைதான் இருக்கிறது, ஒரு சொட்டு வராது என்று ஊரே சிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்து, காப்பியும் மிளகும் வைத்தவன் நான். தங்கச்சிகள் இரண்டு பேரைக் கட்டிக் கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் போனேன். அதிலும் பாதி நாள் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டேன். அப்பேர்ப்பட்டவன் வளைகுடா நாட்டில், எல்லாமே அரபியில் நடக்கும் வாடகைத் தகராறு மன்றத்தின் படியில் பாதி ஆயுளைக் கழித்து, தெருவுக்கு வர இருந்த எத்தனையோ குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே உட்கார வைத்தேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல ஆள் இல்லை.

இப்போது ஏற்காட்டுப் பையன்கள் வெளிநாடு போவதற்கு முன்னால் என்னிடம் வருகிறார்கள். போன மாதம் ஒருவன் வந்து, "மாமா, இப்பல்லாம் அக்ரிமெண்ட் போன்லயே வந்துருதுங்க. வெரல் வச்சா முடிஞ்சுது" என்றான். "வெரல் வைக்கறதுக்கு முந்தி அந்த ஊட்டுக் குழாயைத் தொறந்து பாத்தியா கண்ணு?" என்று கேட்டேன். சிரித்தான். சிரிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருந்த நகரத்தின் பெயரையும், நாங்கள் எதிர்த்து வழக்காடிய கம்பெனியின் பெயரையும் எழுத மாட்டேன். எனக்கு வேண்டியவர்கள் அங்கே இன்னும் குடியிருக்கிறார்கள். இதைப் படிப்பது யார் யாரென்று எனக்குத் தெரியாது.

சந்தேகம் என் தொழில். அதை நான் கற்றது இந்த மலையில். அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறியவர், விழுந்து இடுப்பு போய்விட்டது. நாங்கள் இருந்த லயத்து வீடு எஸ்டேட்டில் வேலை செய்கிறவருக்குத்தான். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனிதர் போலவே வந்தார். அப்பாவுக்கு ஆரஞ்சு வாங்கி வந்தார். மழைக்கு முன் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறோம், சாவியைக் கொடுங்கள், சாயங்காலம் தருகிறேன் என்றார். அம்மா கொடுத்தாள். சாயங்காலம் கதவில் வேறு பூட்டு தொங்கியது. எங்கள் சாமான் வாசலில் இருந்தது. ஒரு அதட்டல் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: திட்டிக்கொண்டு வருகிறவனைச் சமாளித்துவிடலாம், ஆரஞ்சோடு வருகிறவனைத்தான் கவனிக்க வேண்டும்.

பிறகு சேலத்து ஏஜெண்ட் ஒருவர் மூலம் விமானம் ஏறினேன். அவரும் ஏமாற்றினார், அது தனிக் கதை. அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் காவலாள் வேலை. அந்த ஊரில் அதற்கு நாத்தூர் என்று பெயர். நாத்தூருக்குத் தெரியாமல் கட்டடத்தில் எதுவும் நடக்காது. வாடகை கட்ட வந்தவரை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு கட்டவில்லை என்று கேஸ் போடுவார்கள். கோடையில் ஏசியை நிறுத்துவார்கள். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரபியும் ஹிந்தியும் காதாலேயே கற்றேன். குடியிருப்பவர்களுக்கு ஒத்தாசையாக ஒரு தடவை மன்றத்தில் சாட்சி சொன்னேன், வேலை போனது. எதிர்த் தரப்புக்காக வாதாட வந்திருந்த வக்கீலே என்னை வெளியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவர்தான் சூடான் நாட்டுக்காரர் இத்ரீஸ். மரியாதைக்கு உஸ்தாத் என்று கூப்பிடுவோம்.

உஸ்தாத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம். குரல் மட்டும் பூனை மாதிரி. கட்சிக்காரர் காகிதத்தை நீட்டினால் வாங்க மாட்டார். முதலில் டீ. டீ முடிகிற வரைக்கும் ஊர் நிலவரம், பிள்ளைகள் படிப்பு. பிறகு ஒரு கேள்வி கேட்பார். பதிலை எழுத மாட்டார். வேறு பேச்சு பேசிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார். அதையும் எழுத மாட்டார். ஆள் விடைபெற்று, செருப்பு மாட்டும்போது மூன்றாவது தடவை கேட்பார். அப்போது வருகிற பதிலைத்தான் எழுதுவார். எதிராளி பொய் சொல்வான், அது அவன் வேலை. நம் ஆள் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதுதான் கேஸ் என்பார். எனக்கு இந்த மனிதரை உடனே பிடித்துப்போனது. நான் பார்த்த ஆட்களிலேயே, கட்சிக்காரரை என்னைவிட அதிகம் சந்தேகித்தவர் அவர் ஒருவர்தான்.

என் வேலை வீட்டுக்குப் போவது. குடியிருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் மேலே பார்ப்பேன். நாத்தூராக இருந்த கண், கூரையைத்தான் முதலில் பார்க்கும். மீட்டர், குழாய், கதவுத் தாழ்ப்பாள், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, லிப்டில் யார் யார் ஏறுகிறார்கள், எல்லாம் பார்த்துவிட்டு வந்து வாயால் ஒப்பிப்பேன். உஸ்தாத் அதை அரபியில் எழுதுவார். எழுதியது அவர், பார்த்தது நான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செந்தில் கேஸ். செந்தில் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், வளைகுடாவில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். மனைவி தேன்மொழி. மகள் யாழினி அங்கேயே பிறந்து வளர்ந்து பிளஸ் டூவுக்கு வந்திருந்தாள். அவர்கள் இருந்த கட்டடத்தைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கியது. ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து, கட்டில் கட்டிலாக ஆண்களுக்கு வாடகைக்கு விட்டால் கூடுதலாக வரும் என்பது அவர்கள் திட்டம். காலி செய்யச் சொல்வதென்றால் ஒரு வருஷம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஒரு வருஷம் காத்திருக்க அவர்களுக்கு மனம் இல்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்ப வைத்தார்கள். கடைசியில் அந்த மாடியில் செந்தில் குடும்பம் மட்டும் நின்றது.

அது வெறும் வீட்டுப் பிரச்சினை இல்லை. குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமானால், தன் பேரில் பதிவான வாடகை ஒப்பந்தம் இருக்க வேண்டும். வீடு போனால் குடும்ப விசாவைப் புதுப்பிக்க முடியாது. தேன்மொழியும் யாழினியும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பரீட்சை வருஷத்தில் அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேருவாள்? விசா முடிய அதிக நாள் இல்லை.

முதலில் கம்பெனி மேனேஜர் வந்தார். வாய் நிறைய "பிரதர், பிரதர்". ஏசி சரிபார்க்க ஆள் வருகிறது, நீங்கள் வேலைக்குப் போங்கள், சாவியை மட்டும் கொடுங்கள் என்றாராம். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வேறு. செந்தில் போனில் இதைச் சொன்னபோது, எனக்கு அந்த ஆரஞ்சு வாசனை மூக்கில் வந்தது. "பழத்தைத் தின்னு. சாவியைக் குடுக்காத" என்றேன். இரண்டு நாளில் அந்த மாடிக்கு மட்டும் கரண்ட் போனது. பேனல் கோளாறாம். வெளியே நின்றால் முட்டை வேகிற வெயில்.

உஸ்தாத் செந்திலைக் கூப்பிட்டு டீ கொடுத்து, வழக்கம்போல் கேட்டார்: வேறு வீடு ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? செந்தில் இல்லை என்றான். இரண்டாவது தடவையும் இல்லை. செருப்பு மாட்டும்போதும் இல்லை. உஸ்தாத் எழுதி, கேஸ் போட்டார். நான் செந்திலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் பொய் இல்லை.

மன்றத்தில் மேனேஜர் ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். தேன்மொழி பட்டுப்புடவை கட்டி நிற்கிறாள். முன்னால் அடுப்பு, மஞ்சள் தடவிய பாத்திரத்தில் பால் பொங்கி வழிகிறது. பக்கத்தில் குத்துவிளக்கு. சுவரைப் பார்த்தாலே அது வேறு வீடு என்று தெரிகிறது. இவர்கள் போன வாரமே வேறு வீட்டில் சமையலைத் தொடங்கிவிட்டார்கள். காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு நோட்டீஸ் எதற்கு, கரண்ட் எதற்கு என்றார் மேனேஜர். நீதிபதி போட்டோவை உஸ்தாத் பக்கம் தள்ளினார். உஸ்தாத் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். வாய்தா மட்டும் கேட்டு வாங்கினார்.

வராந்தாவுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் கெட்டது என்று அர்த்தம். மூன்று தடவை கேட்டேனே என்று மட்டும் சொன்னார்.

செந்திலுக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க குடி போவலீங்களே. பால்தான் காச்சுனோம். ஆடி பொறந்துட்டா ஊடு மாத்தக் கூடாதுங்களே. ஒருவேளை தொரத்தி உட்டுட்டா எங்க போறதுன்னு, ஆனி கடைசி நாள்ல குமார் ரூம்ல பால மட்டும் காச்சி வச்சோம்."

குமார் என்பவன் செந்திலின் சிநேகிதன். பத்துப் பேர் பகிர்ந்து இருக்கும் ஒரு வில்லாவில் அவனுக்கு ஒரு அறை. அங்கே தங்கலாம்; செந்தில் பேரில் ஒப்பந்தம் போட முடியாது, விசாவுக்கு உதவாது. ஆடியில் போகிற நிலைமை வந்தால் தோஷம் இல்லாமல் இருக்கட்டும் என்று, முன்கூட்டியே பால் காய்ச்சிவிட்டார்கள். நம் ஆட்கள் யாரும் இதை வீடு எடுத்ததாக நினைக்க மாட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்ட மாதிரி. நான் உஸ்தாத்துக்கு அரபியில் இதை விளக்கினேன். போகாமலே போய் வைப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கஷ்டத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நீதிபதியிடம் இதைச் சொன்னால், மாட்டிக்கொண்ட பிறகு கட்டிய கதை என்பார் என்றார்.

எனக்கு வேறு கேள்வி. அந்த அறைக்குள் இருந்த போட்டோ மேனேஜருக்கு எப்படிப் போனது? குமார்தான் என்று முடிவு கட்டினேன். அவன் முகமும் எனக்குப் பிடிக்கவில்லை. நேராக வில்லாவுக்குப் போய் அவனை நிற்க வைத்துக் கேட்டேன். அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்தது சந்தேகத்தைக் கூட்டியது. அங்கே யாழினியோடு உட்கார்ந்திருந்த தேன்மொழி மெதுவாகச் சொன்னாள்: "ஸ்டேட்டஸ்ல வச்சேனுங்ணா. ஊர்ல அம்மா பாக்கட்டும்னு."

"உங்கம்மா மட்டுந்தான் பாத்தாங்களா தாயி?"

"நாத்தூர் நம்பரும் இருக்குதுங்க. தண்ணி வரலீன்னா கூப்பிடறதுக்கு வச்சிருந்தேன்."

குமார் என்னைப் பார்த்தான். "டீ குடிக்கிறீங்களாண்ணா, இல்ல அதுலயும் ஏதாச்சும் கலந்திருப்பேனா?" என்றான். நான் குடித்தேன். முதலில் அவனைக் குடிக்கச் சொன்னேன் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறான்.

டீ குடிக்கும்போதுதான் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. ஒன்று, நாத்தூருக்குத் தெரிவதெல்லாம் மேனேஜருக்குப் போகிறது. இரண்டு, அந்தக் கட்டடத்து லிப்டின் மேல்மூலையில் நான் ஒரு புதுக் கேமராவைப் பார்த்திருந்தேன். ஆட்களைக் காலி செய்யும் கட்டடத்தில் புதுக் கேமரா எதற்கு?

உஸ்தாத்திடம் போய், நம் பழக்கத்தை விளக்க வேண்டாம், மன்றத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னையே மூன்று தடவை கேட்டார்: அந்த வீட்டில் நாம் காட்ட விரும்பாதது ஏதாவது உண்டா? இரண்டு தடவை இல்லை என்றேன். மூன்றாவது தடவைக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. யாழினியின் புத்தகம் எல்லாம் குமார் அறையில். கரண்ட் இல்லாததால் பகலில் அங்கே போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் அம்மாவோடு திரும்பிவிடுவாள். கட்டில் ஒன்றும் அங்கே போயிருந்தது. உஸ்தாத் அதை மனுவிலேயே எழுதினார். எதிராளி சொன்னால் குற்றம், நாம் சொன்னால் தகவல் என்றார். மன்றம் சம்மதித்து, ஒரு அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னது.

செந்தில் பதறினான். கட்டிலையும் புத்தகத்தையும் திரும்பக் கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டான். ஐஸ் பையைவிடப் பெரிதாக எதுவும் லிப்டில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிரிட்ஜ் ஓடாததால், கடையில் ஐஸ் வாங்கிச் சுமந்துதான் அவர்கள் அங்கே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், நான் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாத்தூர் மேஜை அருகே நின்றேன். போனைக் காதில் வைத்தேன். மறுமுனையில் யாரும் இல்லை. நாத்தூருக்குப் புரியட்டும் என்று ஹிந்தியில் சொன்னேன்: "கட்டில், புத்தகம் எல்லாத்தையும் இன்னைக்கு மேலே ஏத்திரு செந்தில். நாளைக்கு ஆபீசர் வர்றாரு." நாத்தூரின் தலை திரும்பவில்லை. வாய்க்குப் போன டீ கிளாஸ் மட்டும் பாதியில் நின்றது. எனக்கு அது போதும். செந்திலிடம் இதைச் சொல்லவில்லை. நல்லவன் வயிற்றில் ரகசியம் தங்காது. உஸ்தாத்திடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆடிச் செவ்வாய். அதிகாரி ஒல்லியான உள்ளூர்க்காரர், வெள்ளை அங்கி. வாசலைத் தாண்டுவதற்குள் அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் உலை மாதிரி வெக்கை. அலமாரியில் மாரியம்மன் படம், வேப்பிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு தழை, விளக்கு. முன்னால் முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ். கூழுக்கு மிக்சி வேண்டாம், கரண்ட் வேண்டாம். தேன்மொழி என்னைப் பார்த்து, "அவருக்கு ஒரு டம்ளர் குடுக்கலாங்களா? நொம்ப வேர்க்குதுங்க பாவம்" என்றாள். லஞ்சம் என்று மேனேஜர் எழுதி வைப்பாரோ என்று எனக்குப் பயம். ஆனால் அதிகாரியே கையை நீட்டிவிட்டார். மோர் விட்டுச் சின்ன வெங்காயம் போட்ட கூழ். குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். நன்றாக இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மீதி வைக்கவில்லை.

மேனேஜர் அவசரப்பட்டார். "பிரதர், எல்லாம் நாடகம். நேத்துத்தான் சாமான் எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்தாங்க. எங்க லிப்ட் கேமராவில இருக்கு, பாருங்க" என்றார். உஸ்தாத் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எல்லோரும் கீழே இறங்கினோம். சின்ன அறை, ஒரு டிவி. முந்தின நாள் படத்தை ஓட்டினார்கள். கட்டில் வரவில்லை. புத்தகம் வரவில்லை. செந்தில் இரண்டு கையிலும் ஐஸ் பையோடு ஏறுகிறான். பின்னால் தேன்மொழி, தண்ணீர் கேன். யாழினி ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு. காலையில் மூன்று பேரும் இறங்குகிறார்கள். அதிகாரி அதற்கு முந்தின நாளைப் போடச் சொன்னார். அதே ஐஸ். அதற்கும் முந்தின நாள். அதே ஐஸ். மேனேஜரின் விரல் மெஷினை நிறுத்தப் போனது. அதிகாரி வேண்டாம் என்றார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த வீட்டில் குடியேறிவிட்டவர்கள் இந்த வீட்டுக்கு ஏன் தினமும் ஐஸ் சுமக்கிறார்கள்?"

மேனேஜர் "பிரதர்" என்றார்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. கரண்ட் கொடுக்க வேண்டும். முறைப்படி நோட்டீஸ் தந்து, ஒரு வருஷம் ஆகும்வரை குடும்பத்தைத் தொடக் கூடாது. விசா புதுப்பித்தார்கள். யாழினி அதே பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதினாள். இப்போது அவளும் அங்கேயே வேலையில் இருக்கிறாள். கூரையைப் பார்த்ததற்கு அன்றைக்கே உஸ்தாத் என்னிடம் விளக்கம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தப் போன் பேச்சு நடக்கவே இல்லை, மாதேஸ்" என்றார். வக்கீல் ஆபீசுக்கு அது ஆகாது என்று எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அதனால் தீர்ப்பில் உஸ்தாத் பெயர் இருக்கிறது, செந்தில் பெயர் இருக்கிறது, மேனேஜர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

இப்போது உஸ்தாத் தொழிலை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். நானும் இங்கே வந்துவிட்டேன். மூடிய வாயைத் திறக்கலாம். அந்த நகரத்தில் நம் ஆட்களுக்கு உதவி செய்யும் ஒரு குழு, புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறது. வெளிநாடு கிளம்பிய பையன் ஒருவன் எனக்கே அதைப் போட்டுக் காட்டினான். சாவியைக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். கேஸ் முடிகிற வரைக்கும் வேறு வீட்டில் பால் காய்ச்சாதீர்கள், காய்ச்சினாலும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள் என்கிறார்கள். பிறகு செந்தில் கேஸைச் சொல்லி, கேமராவைப் பார்க்க வேண்டும் என்று வக்கீல் துணிந்து கேட்டார், ஜெயித்தார் என்கிறார்கள்.

தவறு. வக்கீல் கேட்கவில்லை. கேமராவைப் பாருங்கள் என்றது மேனேஜர். அவரை அப்படிச் சொல்ல வைத்தது நான். கேமராவைக் கண்டதும் நான், ஐஸைத் தவிர எதுவும் ஏறக் கூடாது என்றதும் நான். உஸ்தாத்துக்கு உரிய மரியாதையில் ஒரு துளியும் குறைக்கச் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் "ஏற்காடு வெள்ளக்கடை சி. மாதேசன்" என்று சேர்க்க வேண்டும். இன்ஷியலை விடக் கூடாது. வெள்ளக்கடையில் இன்னொரு மாதேசன் இருக்கிறான், அந்த மாதேசன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஆள் அவன். குழுக்காரர்களே, சேர்த்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது. புதுப் பதிவை எனக்கு அனுப்புங்கள். என் காதால் கேட்ட பிறகு ஒத்துக்கொள்கிறேன்.